கட்டைவிரல் வாசகர்கள்

நூலகத்தில் வேலை என்றால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நாவல் படித்துக்கொண்டே சம்பளம் வாங்குவது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் என் சொந்தக்காரர்கள். நான் புத்தகம் படித்து மாதக்கணக்காகிறது. இப்போது படிப்பதெல்லாம் வாட்ஸ்அப்தான். எந்தக் குழுவுக்காவது அட்மினாக மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

ரீச் காட்டுங்கள்

போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் எங்களுடையது சின்ன நூலகம். சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு மணிவரை படிப்பறை திறந்திருக்கும். பகலெல்லாம் வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரம்தான் உண்டு. அதன்மேல்தான் கண்வைத்தார் எங்கள் மேலதிகாரி. மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்த மதுரைக்காரர். சாயங்காலம் ஆளே வருவதில்லை, விளக்கும் விசிறியும் வீண் என்றார். வருகிறவர்கள் கொஞ்சம்தான், ஆனால் தினமும் வருகிறார்கள் சார் என்றேன். அது அவர் காதில் ஏறவில்லை.

உடனே ஒரு ஃபேஸ்புக் பக்கமும் வாட்ஸ்அப் குழுவும் தொடங்க வேண்டும் என்று உத்தரவு. போன் யாருடையது? என்னுடையது. நெட் பேக்? அதுவும் என்னுடையதுதான். தினமும் வருகிறவர்களைக் கணக்கில் சேர்க்காமல், வராதவர்களின் விருப்பத்தைக் கேட்டுப் படிப்பறையின் தலையெழுத்தை முடிவு செய்வது என்ன நியாயம் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஜனங்க எல்லாம் ஆன்லைன்லதாம்மா இருக்காங்க. ரெண்டு மாசத்துல ரீச் காட்டுங்க, இல்லாட்டி சாயங்காலம் பூட்டிருவோம்."

புத்தகமும் கப்பலும்

சென்னையிலிருந்து கப்பலில் புதிய தமிழ்ப் புத்தகங்கள் வந்து இறங்கின. கேட்டுக் கேட்டு நாக்குத் தள்ளியபிறகு வந்த புத்தகங்கள். ஒவ்வொன்றையும் துடைத்து, மேஜையில் அழகாகப் பரப்பி, படமெடுத்துக் குழுவில் போட்டேன். "கப்பலில் வந்தவை" என்று எழுதியது என் தப்பு. கப்பல் என்ற சொல்லைக் கண்டதும் குழு விழித்துக்கொண்டது. அடுத்த கப்பல் என்றைக்கு, பங்க் படுக்கை கிடைக்குமா, கேபின் கிடைக்குமா என்று ஒரே கேள்வி மழை. ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய், மெயின்லேண்டிலிருந்து யாராவது வருகிறீர்களா, அம்மா நல்லெண்ணெயும் புளியும் எடுத்து வைத்திருக்கிறார், வாங்கி வருவீர்களா என்று எழுதினார். அதற்குச் சம்மதம் தெரிவித்து இரண்டு பேர்! புத்தகத்தை ஒரு ஜீவன் கேட்கவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் தாஸ் பாபு வங்காளி. இங்கேயே பிறந்து வளர்ந்ததால் இந்தி கலந்த தமிழ் பேசுவார். இது நூலகமா, துறைமுக விசாரணை அலுவலகமா என்று அவரிடம் பொருமிக் கொட்டினேன். அவர் தன் போனை நீட்டினார்: "குஸ்ஸா மத் கரோ, கோவிச்சுக்காதீங்க மேடம்ஜி, நீங்கதானே அட்மின், சென்னைக் கப்பல் டிக்கெட் எப்ப குடுப்பாங்கன்னு எனக்கும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

தினமும் ஒரு ரோஜா

பக்கத்துப் புரோத்ராபூரில் ஓய்வுபெற்ற கான்ட்ராக்டர் ஒருவர் இருக்கிறார். காலையில் நான் பல் துலக்குவதற்குள் குழுவில் அவருடைய ரோஜாப்பூ வந்துவிடும். பனித்துளியோடு ஒரு நாள், பட்டாம்பூச்சியோடு ஒரு நாள். அதற்குப் பதில் ரோஜா அனுப்ப ஒரு கூட்டம். அந்தத் தோட்டத்துக்குள் என் நூலக அறிவிப்பு எங்கேயோ புதைந்துவிடும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவருக்குப் போன் செய்தேன். ஐயா, பூ போதும், வீட்டு வாசலில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நூலகம், ஒரு நாளாவது நேரில் வாருங்களேன் என்றேன். அவருக்கு வருத்தமாகிவிட்டது. "என்னம்மா இப்படிச் சொல்லிட்டீங்க, காலைல லைப்ரரிக்கு மொத ஆளா வர்றதே நான்தானே!"

ஒரே ஒருத்தி

அதிகாரி கொடுத்த இரண்டு மாதம் முடியப்போகிறது. சனிக்கிழமை சாயங்காலம் கதை வாசிப்பு, எல்லோரும் வாருங்கள், நீங்கள் வந்தால்தான் இந்த அறை திறந்திருக்கும் என்று குழுவில் போட்டேன். கட்டைவிரல்கள் குவிந்தன. கைகூப்பல்கள், கைதட்டல்கள், ஒரு கேக்கும் வந்தது. நானும் நம்பித் தொலைத்தேன். தாஸ் பாபுவும் நானும் பழைய சாமான் அறையிலிருந்து நாற்காலிகளைச் சுமந்து வந்து வரிசையாகப் போட்டோம்.

ஆறு மணியாயிற்று. கூட்டமாக இருக்கும் என்று வழக்கமாக வருகிறவர்கள்கூட ஒதுங்கிவிட, வந்தது கோமதி மட்டும். அவள் குடும்பம் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலையில் குடியமர்த்தப்பட்டது. இவள் இங்கே அண்ணன் வீட்டில் தங்கி, பகலில் துணிக்கடையில் நிற்கிறாள். அரசாங்கத் தேர்வுக்குப் படிக்கிறாள். அண்ணன் வீடோ ஒற்றை அறை. அங்கே டிவி நிற்பதே இல்லை. எங்கள் படிப்பறையைப் பூட்டினால் அவள் படிப்பும் அன்றோடு சரி. அவளிடம் இருப்பது பட்டன் போன், அதனால் அவள் குழுவிலேயே இல்லை. அதிகாரியின் கணக்குப்படி அவள் என் வாசகியே இல்லை! குழுவில் பார்த்தா வந்தாய் என்று ஆத்திரத்தில் கேட்டுவிட்டேன். காலி நாற்காலிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "குரூப்பெல்லாம் எனக்குத் தெரியாதுங்க அக்கா, நான் தெனமும் வர்றதுதானே, இன்னைக்கு யாரும் கல்யாணம் வச்சிருக்காங்களா?"

வாயைத் திறந்தேன்

எட்டு மணிக்குக் கதவை அறைந்து பூட்டினேன். கோபம்தான். நின்ற இடத்திலேயே போனை எடுத்துக் குழுவில் குரல் பதிவாகப் பேசிவிட்டேன்.

"கட்டைவிரல் அனுப்பின எல்லாருக்கும் வணக்கம். எல்லாம் வந்து சேந்துச்சு. அதை நாற்காலில உக்கார வைக்கத்தான் முடியல. இங்க ஒரு பொண்ணு நாள்பூரா நின்னு வேலை பாத்துட்டு, படிக்கறதுக்கு இந்த ஒரு இடத்தைத்தான் நம்பியிருக்கு. நீங்க வரலைன்னு சொல்லி இதைப் பூட்டப் போறாங்க. பூட்டினப்புறம் அதுக்கும் ஒரு அழுமூஞ்சி அனுப்புவீங்க. வர மனசிருந்தா வாங்க. இல்லைன்னா குரூப்பை விட்டுப் போங்க!"

நல்ல வார்த்தை சொன்னபோது அசையாத குழு, திட்டு வாங்கியதும் துள்ளியது. என் குரல் பதிவு மரைன் ஹில்லுக்குப் போய், அங்கிருந்து டிக்லிபூர், அங்கிருந்து எங்கெங்கோ. திங்கட்கிழமை சாயங்காலம் படிப்பறை வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. திட்டிய அம்மா யார் என்று பார்க்க வந்தவர்கள் பாதி. என்னோடு நின்று படமெடுத்துக்கொள்ள வந்தவர்களும் உண்டு. அவர்களை மறுபடி திட்டினேன், சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார்கள். ரோஜாக்காரர் வீட்டுச் செம்பருத்தியோடு நேரில் வந்தார். வந்தவர், அலமாரிப் பக்கம் போனவர், எட்டு மணிவரை வெளியே வரவில்லை. அப்போது யாரோ என் முந்தானையை இழுத்தார்கள். நெஞ்சோடு புத்தகத்தை அணைத்தபடி கோமதி. "ஆளு வர்றது நல்லதுதாங்க அக்கா, ஆனா நான் இப்ப எங்க ஒக்காருறது?"

மேலிடத்து உத்தரவு

மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டார். மெமோதான் என்று நினைத்து, பதிலுக்கு நாலு வார்த்தை தயாராக வைத்துக்கொண்டு போனேன். அவர் போனில் என் குரல்தான் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்கால நேரம் தொடரும் என்றார். அப்பாடா என்று உட்கார்ந்தேன். நேரில் வந்து பார்த்தீர்களா சார், நாற்காலி போதவில்லை, இன்னும் பத்து வேண்டும் என்றேன். வரவில்லையாம், பார்க்கவும் இல்லையாம். நாற்காலிப் பேச்சைத் தாண்டிக்கொண்டு போனை என் பக்கம் திருப்பினார். "கன்டென்ட் பிரமாதம்மா! இதையே வாரம் ஒரு தடவை பண்ணுங்க, அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் காரமாத் திட்டணும்."

ஆகவே வாசகப் பெருமக்களே, முதல் வரிசை ஓரத்து நாற்காலியில் கோமதிக்காகத் துண்டு போட்டுவைத்துவிட்டு, சனிக்கிழமைதோறும் அரசாங்க உத்தரவுப்படி நான் கோபப்பட்டு வருகிறேன், மற்ற ஆறு நாள் கோபத்தை எந்தக் குழுவில் போடுவது என்று மட்டும் யாரும் இன்னும் உத்தரவு போடவில்லை.