குங்குமம் வைத்த பரீட்சைச் சுவர்

எங்கள் ஊரான கூலாயில் யாராலும் இடிக்க முடியாத சுவரைக் கட்டியவள் எங்கள் பக்கத்து வீட்டு லோஷினி. யானை வந்து முட்டினாலும் யானைக்குத்தான் தலைவலி. சரி, யானை கொஞ்சம் அதிகம்தான். பூனை உரசினாலே ஆடக்கூடிய சுவர் அது. ஆனாலும் ஒருவராலும் இடிக்க முடியவில்லை என்பது சத்தியம்.

லோஷினி சமூகக் கல்லூரியில் கட்டுமானத் தொழில்நுட்பம் படிக்கிறாள். சேர்ந்த அன்றே அவள் மாமா மூர்த்தி, "பொம்பளப் புள்ளைக்கு சிமெண்டு வேலையா லா?" என்று வருத்தப்பட்டார். வீண் வருத்தம். சுவர்ப் பயிற்சியில் சிமெண்டே கிடையாது. சுண்ணாம்பையும் மணலையும் குழைத்துத்தான் கல் வைக்கிறார்கள். மார்க் போட்டதும் சுவரைப் பிரித்து, கல்லைச் சுரண்டி அடுக்கிவைக்க வேண்டும். அடுத்த செட் பிள்ளைகள் அதே கல்லில் கட்டுவார்கள். நாட்டுக்கு நிலைத்து நிற்கும் கட்டடங்கள் தரப்போகிறவர்கள், விழுகிற சுவரில் சான்றிதழ் வாங்குகிறார்கள்.

பரீட்சையன்று மகளைக் கொண்டுவிட வந்த அம்மா புஷ்பராணிக்கு இதெல்லாம் தெரியாது. மகள் கட்டும் சுவராயிற்றே என்று அடிவரிசையின் முதல் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

சுவர் எழுந்தது. விரிவுரையாளர் அஹ்னாஃப் சார் பொந்தியான்காரர், நம் தமிழர்தான். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, "நேரா இருக்கு. இடிச்சிடு" என்றார். லோஷினி சுத்தியலை ஓங்கினாள். குங்குமத்தைப் பார்த்தாள். இறக்கிவிட்டாள்.

"முடியாது சார். அம்மா சாமி கும்பிட்ட கல்லு."

"பிரிச்சு அடுக்கினாத்தான் மார்க்கு. இல்லேன்னா ஃபெயில். செடெனாக் ஊர் கம்பெனியில உனக்குக் கிடைச்ச பயிற்சி இடமும் போயிடும்."

"அப்ப நீங்களே இடிங்க சார்."

"அலமாக்! நானா? உங்கம்மா என்னைச் சும்மா விடுவாங்களா?"

கூடப் படிக்கும் ஜீவனைக் கூப்பிட்டார். அவனுக்குத் திடீரென்று முதுகு பிடித்துக்கொண்டது. கேண்டீன் அக்கா ஒரு செம்பருத்தியை வைத்துவிட்டுப் போனாள். மத்தியானத்துக்குள் ஒரு பெண் சுவர் முன்னால் நின்று, கணக்குப் பாடத்தில் பாஸாக வேண்டிக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டாள்.

லோஷினி அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, அந்தக் கல்ல நம்ம வீட்டு சாமி மேடையில வச்சிடவா?"

"தாராளமா கொண்டுவாடி."

"அடியில இருக்கும்மா. எடுக்கணும்னா மேல உள்ளதயெல்லாம் இறக்கணும்."

"இறக்கு! சாமி தலையில அவ்வளவு பாரத்த ஏத்திவச்சது யாருடி?"

உத்தரவு கிடைத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் சுவர் பிரிந்தது, கற்களெல்லாம் பளிச்சென்று அடுக்கில் ஏறின. குங்குமக் கல்லை மட்டும் லோஷினி துணியில் சுற்றிக்கொண்டாள். அவளுடைய பக்தியில் உருகிப்போன அஹ்னாஃப் சார், கண்ணில் நீர் வழிய முழு மார்க் போட்டார்.

இதுவரை எழுதி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோஷினிக்கே வாசித்துக் காட்டினேன்.

"கண்ணுல தண்ணி வந்தது சுண்ணாம்புத் தூசியால, பாட்டி. முழு மார்க்கும் இல்ல. அடுக்குல ஒரு கல்லு குறையுதுன்னு வெட்டிட்டாரு. வெறும் பாஸ்தான்."