நட்பு முறிவுச் சோதனை

அலுவலகத்தில் அவருக்குச் சட்டகத்தார் என்று பெயர். இணையதளம் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து ஆரம்பிக்காமல் இருக்க ஒரு மென்பொருள் சட்டகம் எழுதி வைத்திருந்தார். கடவுச்சொல் கேட்கும் பக்கம், படிவம், தேடும் பெட்டி எல்லாம் அதில் தயாராக இருக்கும். சும்மா சொல்லக்கூடாது, நல்ல சட்டகம்தான். ஆனால் அதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவரின் காப்பி ஆறிப்போகும்.

அதை வைத்துச் சமூக வலைத்தளமும் கட்டும்படி வசதி சேர்க்கச் சொன்னார் மேலாளர். நட்புக் கோரிக்கை, ஏற்பு, நிராகரிப்பு, முறிவு. நட்புக்கு விதி எழுத ஆள் அகப்பட்டார் பாருங்கள்! அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது "வேலை இருக்கு" என்று நழுவிய மனுஷன். அன்றிலிருந்து மூன்று வருஷமாக அக்கா அவரோடு பேசவில்லை. போன வாரம்தான் அவளே கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை வர்றேன்டா" என்றாள். போனை வைத்துவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மனைவி பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சோதனை. பொய் ஆட்களை உண்டாக்கச் சோம்பல்பட்டு, தன் போனில் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் மெயில் முகவரியோடு உள்ளே கொட்டினார்.

"சார், மெயில் வெளிய போறத அணைச்சிட்டீங்களா?" என்றாள் பக்கத்து மேஜைப் பெண்.

"யார்கிட்ட கேக்கறே?" என்றபடி நட்பு முறிவுச் சோதனையை ஓட்டினார்.

அணைக்கவில்லை. "இவர் உங்களுடனான நட்பை முடித்துக்கொண்டார்" என்று அத்தனை பேருக்கும் மெயில் பறந்தது. குழாய் ரிப்பேர்காரர், "மறுபடி ஒழுகுதா சார்?" என்று பதில் போட்டார். மேலாளர் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார். மற்றவர்கள் மூச்சுவிடவில்லை. அக்காவும்தான்.

"என்னங்க, போன் போட்டு மன்னிப்புக் கேளுங்க. ஒரு நிமிஷ வேலை" என்றாள் ராத்திரி வீட்டில் விஷயம் கேட்ட மனைவி.

"கொஞ்சம் இரு. முறிச்சவன் மறுபடி கோரிக்கை அனுப்ப முடியாதுன்னு நானே விதி வெச்சிருக்கேன். அதை மாத்திட்டு முறைப்படி அனுப்பிடறேன்."

"கையில இருக்கறது போன்தானே?"

அதெல்லாம் அவர் காதில் விழுந்தால்தானே! சனிக்கிழமை பூராவும் உட்கார்ந்து விதியை மாற்றினார். அக்காவுக்கு நட்புக் கோரிக்கை போனது, ஏற்க ஒரு பொத்தான், மறுக்க ஒரு பொத்தானோடு. பொத்தான்கள் அழகாக வந்திருக்கின்றன என்று சந்தோஷம் வேறு.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வரவில்லை. சாயங்காலம் மெயில்தான் வந்தது. அவள் இரண்டாவது பொத்தானை அழுத்தியிருந்தாள். "உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. காரணம் தெரிவிக்கப்படமாட்டாது." அவரே எழுதிய வாசகம். காரணம் எழுத இடம் விட்டால் ஜனங்கள் வளவளவென்று எழுதுவார்கள் என்று அலுவலகக் கூட்டத்தில் வாதாடி ஜெயித்திருந்தார். இப்போது அக்கா என்ன எழுதியிருப்பாள் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மேலாளர் கேட்டார்: "நிராகரிப்பைச் சோதிச்சாச்சா?"

"ஆச்சு சார்" என்றார் சட்டகத்தார். "நல்லா வேலை செய்யுது."