இரண்டையும் விடாத பிலோமினா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை, மலேசியாவின் புக்கிட் ரோத்தானில் நான் வேலை செய்யும் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆரோக்கியம் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. அவருடைய மனைவி பிலோமினா அக்கா முந்தின நாள் சமையலறையில் மயங்கி விழுந்ததும், மூளையில் இரத்தக்கசிவு என்று மருத்துவமனையில் சொன்னதும் எனக்குத் தெரியும். ஆனாலும் கைப்பேசியை எடுக்கும்போது நல்ல செய்தியைத்தான் எதிர்பார்த்தேன்.

"கவிதா, உங்க அக்கா போயிட்டாம்மா" என்றார் அண்ணன்.

பிறகு அவரே சொன்னார். "யார் யாருக்குச் சொல்றதுன்னு எனக்கு வெளங்கல. ஓடுறவங்க இருக்காங்க, சைக்கிள் ஆளுங்க இருக்காங்க, நீச்சலுக்குக் கூட வர்றவங்க இருக்காங்க. நீயே எல்லாருக்கும் சொல்லிடு."

அன்று முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஐம்பதைக்கூட எட்டாத ஒரு பள்ளி வேன் ஓட்டுநருக்கு இவ்வளவு பேரா என்று அவரை அறியாதவர்கள் கேட்கலாம். அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பிலோமினா அக்கா எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். என் இரு பிள்ளைகளும் அவருடைய வேனில்தான் பள்ளிக்குப் போனார்கள். பள்ளி விடும்வரை மற்ற ஓட்டுநர்கள் மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அக்கா திடலைச் சுற்றி நடப்பார். சில மாதங்களில் அந்த நடை ஓட்டமானது. ஓட்டுநர்களில் ஒருவர், "என்னாக்கா, பேய் கீய் வெரட்டுதா?" என்று கேட்டார். "இல்ல லா, வயசு வெரட்டுது" என்று சொல்லிவிட்டு அவர் ஓடிக்கொண்டே இருந்தார்.

நானும் அவருடன் சேர்ந்தது அப்போதுதான். ஞாயிறு விடியற்காலையில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடுவோம். தோட்டத்து நாய்களுக்கு அக்காவைக் கண்டால் மரியாதை, என்னைத்தான் துரத்தும். முதல் மாரத்தானை அவர் முடித்த அன்று காலில் கொப்புளம், முகத்தில் உப்பு பூத்திருந்தது. "அடுத்து என்னாக்கா?" என்று சும்மாதான் கேட்டேன். அவர் சும்மா பதில் சொல்பவர் அல்லர்.

அடுத்தது டிரையத்லான் என்றார். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் அடுத்தடுத்து முடிக்கும் போட்டி. அதுவும் அடுத்த மாரத்தானுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, அதே ஆண்டில். எங்கள் ஓட்டக் குழுவின் தலைவர் சுப்ரா அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு பயிற்சியும் ஒன்றையொன்று தின்றுவிடும், ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"நான் வேன் ஓட்டுறேன், வீட்ல சமைக்கிறேன், கோயில்ல பாட்டுப் பாடுறேன். இதுல ஒண்ண விட்ருன்னு இதுவரைக்கும் யாராவது சொன்னீங்களா?" என்று அக்கா கேட்டார். சுப்ரா அண்ணன் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "சரி, ஒடம்பப் பாத்துக்குங்க" என்றார்.

அந்த ஆண்டு அவர் வாழ்ந்த விதம் என் கண்முன்னே நிற்கிறது. வேனின் கடைசி இருக்கையை மடக்கி அங்கே சைக்கிளைப் படுக்க வைத்திருப்பார். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, கோல சிலாங்கூர் நீச்சல் குளத்துக்குப் போய்விட்டு, மதியம் பிள்ளைகளை ஏற்ற ஈரத் தலையோடு வருவார். சனிக்கிழமை நெல்வயல்களைத் தாண்டிச் சுங்கை ஆயர் தாவார் வரை சைக்கிள். திரும்பும்போது எதிர்க்காற்று மிதிக்க விடாது. இறங்கியதும் இறங்காததுமாகக் காலணியை மாற்றிக்கொண்டு ஓட வேண்டும். "யாரோட காலையோ கடன் வாங்கி மாட்டுன மாதிரி இருக்கு கவிதா" என்று சொல்லிச் சிரிப்பார். ஞாயிறு நீண்ட ஓட்டத்துக்காகத் தேவாலயப் பூசையைச் சனி மாலைக்கு மாற்றிக்கொண்டார். பூசையைத் தவறவிட்டதில்லை. பாட்டின் நடுவே கொட்டாவி விட்டதுண்டு.

எல்லாம் சுலபமாக நடந்ததாக நினைக்க வேண்டாம். நடுவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் ஓட முடியவில்லை. மாரத்தான் கைவிட்டுப் போகிறதே என்று என்னிடம் மட்டும் வருந்தினார். ஆனால் அந்த நாட்களில் குளத்தில் கூடுதல் நேரம் இருந்தார்.

நீச்சல்தான் அவருக்குப் பெரிய மலை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல், சிறுபிள்ளைகளுக்கு நடுவே, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துக் காலை உதைக்கப் பழகியவர். நேராகத் தொடங்குவார், குளத்தின் பக்கச் சுவரில் போய் முட்டுவார். ஆரோக்கியம் அண்ணன், "நண்டு வளத்திருக்கேன்" என்பார். அக்கா கோபித்துக்கொள்ளாமல் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவார்.

போட்டி போர்ட்டிக்சன் கடற்கரையில். நாங்கள் மூவரும் அக்காவின் வேனிலேயே போனோம். நீச்சல் தொடங்கியபோது கடல் லேசாகத்தான் அசைந்துகொண்டிருந்தது. வண்ணத் தொப்பிகளில் எது அக்கா என்று தேடிக்கொண்டே நின்றோம். ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். அக்காவைக் காணவில்லை. ஆரோக்கியம் அண்ணன் முழங்கால் வரை தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்.

கடைசியில் அக்கா வந்தார், தனியாக. பாதி வழியில் ஒரு பெண் பயந்துபோய்க் கையைக் காலை அடித்துக்கொண்டு அவர்மீது விழுந்திருக்கிறார். முதலில் அக்காவும் முழுகிவிட்டார். மேலே வந்ததும் அந்தப் பெண்ணைப் பின்பக்கமாகத் திருப்பி, மல்லாக்க மிதக்க வைத்து, மீட்புப் படகு வரும்வரை அவர் தலையைத் தாங்கியபடி பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தப் பெண்ணைப் படகில் ஏற்றியபோது அக்காவையும் ஏறச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டு நீந்தி வந்தார்.

நீச்சலுக்கு உரிய நேரம் கடந்துவிட்டது என்று கரையில் இருந்த அதிகாரி தணிந்த குரலில் சொன்னார். விதி அப்படித்தான். காலில் கட்டியிருந்த நேரப்பட்டையை அக்கா தானே கழற்றிக் கொடுத்தார். ஆரோக்கியம் அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இவ்ளோ கஷ்டப்பட்டு வந்து, யாருக்காகவோ விட்டுட்டியே."

"விடலீங்க" என்றார் அக்கா, குளிரில் பல் கிட்டிக்க. "போன வருசம் குளத்துல கழுத்தளவு தண்ணிக்கே செவுத்தப் புடிச்சிக்கிட்டு நின்னவ நான். இன்னிக்குக் கடல்ல இன்னொருத்தர மெதக்க வச்சேன். இதுக்கு மேல மெடல்ல என்னா எழுதியிருப்பான்?"

பிறகு துண்டைப் போர்த்திக்கொண்டு நாசி லெமாக் சோறு இரண்டு பொட்டலம் சாப்பிட்டார். திரும்பி வரும்போது மட்டும், வேனின் பின்னால் படுத்திருந்த சைக்கிளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அன்று அவருக்கு வலிக்கவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

மாரத்தானுக்கு அவர் போகமாட்டார் என்று குழுவில் சிலர் நினைத்தார்கள். போனார். தலைநகரில் அன்று நல்ல மழை. பாதித் தூரம் ஓடும் பிரிவில் நான் முடித்துவிட்டுக் குடையோடு காத்திருந்தேன். முந்தைய மாரத்தானைவிட விரைவாக, நிமிர்ந்த தோளோடு அக்கா வந்தார். மூச்சு வாங்கியபடி அவர் சொன்ன முதல் சொல், "சுப்ராவுக்குப் போன் போடு" என்பதுதான். சைக்கிளும் நீச்சலும் ஓட்டத்தைத் தின்னவில்லை என்று சுப்ரா அண்ணனே தம் வாயால் சொல்ல வேண்டுமாம். சுப்ரா அண்ணன் சொன்னார். சந்தோஷமாகவே சொன்னார்.

அடுத்த ஆண்டு மீண்டும் அதே கடல். இம்முறை நீந்தி, மிதித்து, ஓடி, மூன்றையும் முடித்தார். கடைசியாக வந்தவர்களில் ஒருவர்தான். மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டே திங்கட்கிழமை வேன் ஓட்டினார். பிள்ளைகள் ஆளுக்கொரு முறை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள்.

அதன் பிறகு, வேனில் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்களை அக்கா விடவில்லை. "கடலோரத்துல இருந்துக்கிட்டு நமக்கு நீச்சல் தெரியலன்னா எப்படி லா?" என்று வாசலில் வேனை நிறுத்தியே கேட்பார். இந்த ஆண்டு தொடக்கத்திலிருந்து சனிக்கிழமை பிற்பகலில் நாங்கள் ஒரு கூட்டமாகக் குளத்துக்குப் போகத் தொடங்கினோம். சொந்தப் பயிற்சியை அவர் காலையிலேயே முடித்துவிட்டு எங்களோடு நிற்பார். நிறையப் பேசமாட்டார். மிதக்கப் பழகும் எங்கள் முதுகுக்குக் கீழே ஒரு கையை வைத்திருப்பார். அந்தக் கையை எப்போது எடுத்தார் என்பதே நமக்குத் தெரியாது.

வியாழக்கிழமை அவரை அடக்கம் செய்தோம். கோயில் கொள்ளாத கூட்டம். அவர் பாடிய குழு பாடியது. ஒரு குரல் குறைந்தது எல்லோருக்கும் கேட்டது.

சனிக்கிழமை குளத்துக்குப் போவதா, வேண்டாமா என்று தாய்மார்களுக்குள் பேச்சு நடந்தது. "போவலன்னா அக்கா திட்டுவாங்க" என்றார் சரோஜா. மாதக்கணக்கில் வந்தும் ஒருநாள்கூடச் சுவரை விடாதவர் அவர். ஆகவே போனோம். தண்ணீரில் இறங்கி வரிசையாக நின்றோம். யார் தொடங்குவது என்று தெரியவில்லை. அப்போது சரோஜாவின் கை சுவரிலிருந்து விலகியது. இருமிக்கொண்டு, தண்ணீரை விழுங்கிக்கொண்டு, வளைந்து வளைந்து போய் எதிர்ப்பக்கத்தைத் தொட்டுவிட்டார். நாங்கள் ஒருவரும் கைதட்டவில்லை. அடுத்தவர் கிளம்பினார்.

நீங்கள் ஓய்வெடுங்கள் அக்கா. இனி சனிக்கிழமைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.