பி.டி. சார் வெளியே சொல்லாத மதம்

பி.டி. சார் இறந்துவிட்டார் என்ற சேதி மூன்றாம் பாடவேளையில் வந்தது. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. போனில் சொன்னது அவருடைய மகள். எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். அவரை எந்த முறைப்படி அடக்கம் செய்வார்கள்? அந்த இடத்தில் நான் எதையாவது உளறிவைத்தால்? ஒரு நல்ல மனிதர் செத்துக் கிடக்கிறார், இவளுக்கு இதுதான் கவலையா என்று திட்டாதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

அம்பத்தூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. அவர் அங்கே உடற்கல்வி ஆசிரியர், நான் அறிவியல் ஆசிரியை. அவர் பெயரை எழுதப்போவதில்லை. சில விவரங்களை வேண்டுமென்றே மாற்றியும் இருக்கிறேன். இதை எழுதச் சொன்னது அவர் மகள். பெயர் வேண்டாம் என்றது நான். யாரென்று கண்டுபிடித்துவிட்டவர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொண்டிருங்கள்.

சார் அம்பத்தூரை ஒட்டிய பாடியில் பிறந்து வளர்ந்தவர். அவர் தகப்பனார் அங்கே ஒரு தொழிற்சாலையில் மூட்டை தூக்கியவர். மைதானத்தின் அந்தக் கோடியில் நின்று சார் "டேய்!" என்றால் மாடியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் எனக்கே தூக்கிவாரிப்போடும். அப்பேர்ப்பட்ட தொண்டை ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் கிசுகிசுப்பாகிவிடும் என்பது எனக்குத் தெரியவந்தது, போன மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்.

எங்களுக்குப் பாரிவாக்கம் பக்கம் வேலை போட்டிருந்தார்கள். நான் வீடு வீடாகப் போய் எழுத வேண்டும், அவர் மேற்பார்வை. நான் குமரி மாவட்டத்துக்காரி, கல்யாணமாகி இங்கே வந்தவள். எங்கள் ஊரில் கோயில் மணியும் சர்ச் மணியும் பாங்கும் ஒரே காற்றில் வரும். புதிதாக ஒருவரைப் பார்த்தால் ஊர் கேட்பதுபோல "எந்தச் சபை?" என்று கேட்போம். அவர்களும் சொல்லிவிட்டு, காப்பி குடிக்கிறீர்களா என்பார்கள். நாடு முழுக்க இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

அங்கே ஒரு வீட்டில், கதவிடுக்கு வழியாக பைபிள் வசனம் போட்ட காலண்டர் தெரிந்தது. நம்ம ஆளு என்று எனக்கு ஒரே சந்தோஷம். தெருக்குழாயில் பத்துப் பேர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்க, நான் வாசலில் நின்று வாய்விட்டுக் கேட்டேன்:

"நீங்க எந்தச் சபைம்மா? ஞாயித்துக்கிழமை எங்க போவீங்க?"

அந்த அம்மா குழாயடியை ஒரு பார்வை பார்த்தார். "நாங்க எங்கியும் போல. நாங்க இந்து. யார்மா உன்னிய அனுப்பிச்சது?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அடுத்த வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. அரை மணி நேரத்தில் அந்த வரிசை முழுவதும் ஆளே இல்லாததுபோல் ஆகிவிட்டது. தாலுகா ஆபீசிலிருந்து சர்டிபிகேட்டைப் பிடுங்க ஆள் வந்திருப்பதாகச் சேதி பரவிவிட்டதாம்.

விஷயம் இதுதான். அவர்கள் சமூகத்துக்கு அரசு தரும் பட்டியல் சாதிச் சான்றிதழ், கிறிஸ்தவராகிவிட்டால் செல்லாது. படிப்பும் வேலையும் அந்தத் தாளில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அதனால் தாளில் ஒரு மதம், வீட்டுக்குள் ஒரு மதம். நாங்கள் வேறு சமூகம், எங்களுக்கு இந்த வினை இல்லை. குமரியில் நாங்கள் வாய்கிழியப் பேசிய தைரியம் இவ்வளவுதான்!

சார் வந்தார். கோபப்படவில்லை. மூடிய கதவுக்கு வெளியே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கதவோடு பேசினார்.

"யக்கா, நான் பாடிக்காரன். நம்மாளு. நீ இன்னா சொல்றியோ அத்தான் இந்த டீச்சர் எழுதும். வேற ஒரு எழுத்து எழுதாது. எழுதினா என்னியக் கேளு."

கதவு திறக்க ஒரு மணி நேரம் ஆனது. பிறகு அவர் எனக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்: "வயசு, படிப்பு, வேலை எல்லாம் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க. மதம் கேக்கறப்ப மட்டும் குனிஞ்சி தாளப் பாத்துக்குங்க. நீங்க பாத்தீங்கன்னா அவங்களுக்குப் பொய் சொல்றா மாரி ஆயிடும்." அன்று நாற்பது வீடுகளில் தலையைக் குனிந்தபடி அந்தக் கேள்வியைக் கேட்டேன். நாற்பதிலும் ஒரே பதில்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன சார், நாம எழுதினது பாதி பொய்தானே? உள்ளதச் சொல்லதுக்கு என்ன பயம்? இந்தத் தாளு தாலுகா ஆபீசுக்குப் போவாதே" என்றேன்.

"போவாதுன்னு எனக்கும் தெரியும். பயத்துக்குத் தெரியுமா?" என்றார். சுற்றிலும் பார்த்தார். ஒரு லாரி போகும்வரை காத்திருந்தார். பிறகு, எனக்கே கேட்காத குரலில், "டீச்சர், எங்க ஊட்லயும் அந்தக் காலண்டர் கீது. பீரோவுக்கு உள்ள மாட்டிக்கீறோம்."

அவர் மனைவிக்குப் பிரசவத்தில் உயிர் போய் வந்தபோது யாரோ ஜெபத்துக்குக் கூட்டிப்போனார்களாம். அதிலிருந்து சர்ச்சுக்குப் போகிறார்கள். பக்கத்தில் அல்ல, ரயிலேறி, ஒருவரும் முகம் அறியாத ஊருக்கு. அன்றிலிருந்து எனக்கும் அந்த பயம் ஒட்டிக்கொண்டது. ஆசிரியர் அறையில் கிறிஸ்துமஸ் கேக் நறுக்கும்போதெல்லாம் நான் சாரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுவேன். அவர் மட்டும் "இன்னா டீச்சர், உங்க பண்டிக கேக்கு இம்மாத்துண்டா?" என்று ஊருக்குக் கேட்கக் கிண்டல் செய்வார். நன்றாகத்தான் நடித்தார்.

பிறகு என் தம்பி கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு எங்கள் ஊருக்கு வந்தார். என் அப்பா சபை உபதேசியார். வீட்டில் வாயைத் திறந்தால் ஜெபம்தான். கல்யாணத்தன்று சார் சர்ச்சில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்ததும் எழுந்து நின்று, மைதானத்துத் தொண்டையைத் திறந்தாரே பார்க்கணும்! பாடகர் குழு திரும்பிப் பார்த்தது. அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் சார் டீக்கடைக்காரரிடம் போய், கேட்காமலே, "நானும் கிறிஸ்டியன்தாம்பா" என்றார். அந்த ஆள், "அதுக்கென்ன, சீனி போடவா?" என்றார். சார் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் சாயங்காலம் வீடியோக்காரரைத் தேடி மண்டபம் முழுக்க அலைந்தார். "என் மூஞ்சி வர்ற எடத்தல்லாம் எடுத்துடுப்பா. உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். இன்றும் என் தம்பியின் கல்யாண வீடியோவில் பாட்டுக்கு நடுவே துண்டு துண்டாக வெட்டியிருக்கும். ரயிலில் திரும்பும்போது என்னிடம், "ஒரே கவர்மென்ட்டு, ஒரே சட்டம். உங்க ஊர்ல இருக்கறப்ப மட்டும் எனக்கு மூச்சு ஈசியா வருது டீச்சர்" என்றார். விழுப்புரம் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

அவருடைய ஒரே மகள் படித்து, இந்த வருஷம் அரசுத் தேர்வில் தேறினாள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு நாள் வந்தது. சாருக்குத் தூக்கம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ரயிலை நிறுத்தினார். பீரோவுக்குள் இருந்த காலண்டரையும் கிழித்துவிட்டாராம். "யாராவது ஒருத்தன் மொட்டக் கடுதாசி போட்டாப் போதும் டீச்சர், பாப்பா வாழ்க்க காலி" என்று தினமும் சொல்வார். நெஞ்சு வலி அப்போதே இருந்திருக்கிறது. அதைச் சொல்லவில்லை.

சரிபார்ப்புக்கு ஆறு நாள் இருக்கையில் போய்விட்டார்.

பாடியில் அவர் வீட்டு வாசலில் பந்தல். கண்ணாடிப் பெட்டிக்குள் சார், நெற்றி நிறைய விபூதியோடு. மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நல்லவேளையாக அவர்கள் சமூகத்தில் புதைப்பதுதான் வழக்கம். அதில் யாருக்கும் கேள்வி வரவில்லை. அவர் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு அழுவதுபோல் காதோடு சொன்னார்: "டீச்சர், நீங்க மனசுக்குள்ளயே பண்ணிடுங்க. எதிர்ல நிக்கறாரே, அவரு தாலுகா ஆபீசு." தலையாட்டினேன். கண்ணை மூடினால்கூட ஜெபம் என்று தெரிந்துவிடுமோ என்று திறந்தே வைத்திருந்தேன்.

தூக்கும் நேரத்துக்கு மேளம் நின்றது. அப்போது பாப்பா எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், அப்பாக்கு ஒரு ஜெபம் பண்ணுங்க. சத்தமாப் பண்ணுங்க. வேல போனாப் போவட்டும்."

அப்பன் தொண்டை அவளுக்கு. தெரு முழுக்கக் கேட்டது. எதிரில் நின்றவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். அவள் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எந்த மொழியிலும் எழுத முடியாது.

"ஜெபமா? எனக்கு அதெல்லாம் தெரியாதேம்மா" என்றேன்.

உபதேசியார் மகள் சொன்ன பதில். பாப்பா என் கையை விட்டுவிட்டாள். எதிரில் இருந்தவர் மறுபடி செல்போனைப் பார்த்தார். நான்கு பேர் குனிந்து சாரைத் தூக்கினார்கள்.

சார், நேற்று பாப்பாவுக்குச் சரிபார்ப்பு முடிந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். போய் வாருங்கள், சார். உங்களுக்கு அன்று சொல்லாத ஜெபத்தை வீட்டுக்கு வந்து, ஜன்னலைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.