கோமாவில் வசனம் சொன்னவள்

ஸ்டூடியோவில் அவளை எல்லோரும் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருவருக்கும் ஊசி போட்டதில்லை; போடவும் தெரியாது.

இருபத்து மூன்று வயதில் உடைப் பிரிவில் தையல் வேலைக்குச் சேர்ந்தவள். ஒருநாள் நர்ஸாக நடிக்க வேண்டிய பெண் வரவில்லை. தைத்து வைத்திருந்த சீருடையோ ஒல்லியான உடம்புக்கானது. உதவி இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்தார். கழுத்தில் அளவு டேப்போடு நின்ற இவளுக்குத்தான் அது பொருந்தும்போலிருந்தது. "டாக்டர், பல்ஸ் இறங்குது!" கையில் ஒரு ஊசி, வாயில் ஒரே வரிதான். முதல் டேக்கிலேயே ஓகே.

அதற்குப்பின் எந்தப் படத்தில் யார் படுத்த படுக்கையானாலும் இவளைத் தேடித்தான் ஆள் வரும். பதினான்கு வருடம், அறுபது படம். மருந்துக்கடையில் வேலைபார்த்த கணவர் முதல் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஊசியையா பிடிச்சே? பேனாவைப் பிடிச்ச மாதிரி இருக்கு!" மறுநாளே உருளைக்கிழங்கை வைத்து அவளுக்குப் பாடம் நடத்தினார்.

பிறகு தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் கதாநாயகனின் அம்மா வேடம் வந்தது. வீட்டில் ஒரே குதூகலம். ஏழாவது வாரமே அந்த அம்மாவைக் கார் இடித்துக் கோமாவில் படுக்கவைத்துவிட்டார்கள்.

"இத்தனை வருஷம் நோயாளியைப் பார்த்துக்கிட்டேன். இப்ப என்னையே படுக்கப் போட்டுட்டாங்களே" என்று புலம்பினாள்.

"படுத்துக்கிட்டே செய்யற வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கும், விடு" என்றார் கணவர்.

மூன்று மாதம் கட்டிலில் கிடந்தாள். கண் மூடியிருந்ததே தவிர காது சும்மா இருக்குமா? ஒத்திகைகளைக் கேட்டுக் கேட்டு எல்லோருடைய வசனமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஒருநாள் கதாநாயகன் கட்டிலருகே மண்டியிட்டு, இரண்டு பக்க வசனம் பேசி அழவேண்டிய காட்சி. ஐந்து டேக்கிலும் பாதியில் வசனம் மறந்து விக்கித்து நின்றான். ஆறாவதில் அவள் முகத்தருகே குனிந்தவன் மடமடவென்று பேசி, கதறித் தீர்த்தான். மொத்தப் படக்குழுவும் கைதட்டியது. ஒலிப்பதிவாளர் மட்டும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு முழித்தார்.

"சார், தம்பிக்கு முன்னாடியே ஒரு பொம்பளைக் குரல் ஒவ்வொரு வரியா எடுத்துக் கொடுக்குது!"

இயக்குநர் கட்டிலருகே வந்தார். ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் அவள் உதடுகள் சட்டென்று இறுகின.

"சிஸ்டர், நீங்களா?"

"கோமாவுல இருக்கிறவகிட்ட இப்படிக் கேள்வி கேட்கலாமா சார்?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. இயக்குநர் அவளை எழுப்பி உட்காரவைத்து, மற்றவர்கள் வசனத்தையும் பேசிக் காட்டச் சொன்னார். மருமகளாகச் சீறினாள், வக்கீலாக இழுத்து இழுத்துப் பேசினாள்.

"இவ்வளவு பேசறவங்களையா வாயை மூடிப் படுக்க வெச்சோம்?" என்றார் அவர்.

அடுத்த வாரமே அம்மா கண் விழித்தாள். விழித்தவள் குடும்பத்தின் கம்பெனியையும், கொஞ்ச நாளில் மொத்தத் தொடரையுமே கையில் எடுத்துக்கொண்டாள். நான்கு வருடம் சக்கைப்போடு போட்டது.

இப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. வேறொரு தொடரில் நீதிபதி. வீட்டில் மகளும் மருமகனும் வாக்குவாதம் செய்தால், படித்துக்கொண்டிருக்கும் வசனத் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "ரெண்டு பேரும் வெளியில போய் வாதாடுங்க" என்கிறாள். அவர்களும் சிரித்துக்கொண்டே போய்விடுகிறார்கள்.