எட்டில செவ்வாய்

எனக்கு எட்டில செவ்வாய். இப்ப இதை, நாங்கள் வெளிநாடு வந்து இருக்கிற லாசால் முழுக்க ஒலிபெருக்கி கட்டியும் சொல்லுவன். அப்ப, 2003இல, எங்கட அம்மா பக்கத்து வீட்டுக்கும் தெரியாமல் பொத்திப் பொத்தி வைச்சிருந்தா. எட்டில செவ்வாய் இருக்கிற பொம்பிளை கட்டினவனைத் தின்னுமாம். விலக்கு ஒண்டுதான்: மாப்பிளைக்கும் செவ்வாய்க் குற்றம் இருந்தால் ரெண்டும் சரிக்குச் சரி. அப்பிடி ஒருத்தனைத் தேடித் தேடியே எனக்கு முப்பத்தொரு வயசாச்சு.

கடைசியில அம்மா களைச்சுப்போய் ஊரில சாதகம் பாக்கிற சாத்திரியாருக்கு ரெலிபோன் எடுத்து, புதுக்குறிப்பு ஒண்டு எழுதுவிச்சா. விடிய ஆறு மணிக்குப் பிறந்த என்னை நாலு மணிக்கு இன்னொருக்காப் பெத்தா. செவ்வாய் எட்டை விட்டிட்டு ஒன்பதில போய் நல்ல பிள்ளையா இருந்தது. நான் சண்டை பிடிச்சன். ஊரில பாதிக் கலியாணம் இப்பிடித்தான் நடந்தது எண்டு அம்மா வாயை அடைச்சா.

பகலில எனக்கு சென்ட் லோரன்டில மருந்துக் கொம்பனியில பெட்டி அடுக்கிற வேலை. அது முடிய மெட்ரோ பிடிச்சு நோத்ர-டாம்-த-கிரேஸில பிரெஞ்சு வகுப்பு. ஆளுக்கொரு புத்தகம் வாசிச்சு, அதில வாற ஆளைப் பற்றிப் பத்து நிமிசம் பிரெஞ்சில கதைக்கவேணும் எண்டு ரீச்சர் சொல்லிப்போட்டா. நூலகத்தில சின்னப்பிள்ளையளின்ர தட்டில ஆக மெல்லிய புத்தகமாப் பாத்து இழுத்தன். அட்டையில சிவப்பா ஒரு உருண்டை. சனியன், அதுவும் செவ்வாய்தான்.

நானூறு வருசத்துக்கு முந்தி இருந்த ஒரு ஜேர்மன்காரரின்ர கதை. சின்ன வயசில அம்மை வந்து கண்பார்வை குறைஞ்ச மனுசன், வானத்தைப் படிக்கப் போயிருக்கிறார். செவ்வாய் போற பாதையை எட்டு நாளில கணக்குப் போட்டுத் தாறன் எண்டு பந்தயமும் பிடிச்சாராம். எட்டு நாளா? வருசக்கணக்கா அது அவரைப் போட்டு ஆட்டியிருக்கு. கடைசியில அந்தப் பாதை வட்டமில்லை, நீள்வட்டம் எண்டு பிடிச்சார். ஆனால் சீவியத்துக்கு ராசாமாருக்குச் சாதகமும் எழுதியிருக்கிறார். அந்த இடத்தில எனக்குச் சரியான கோவம். நீருமா ஐயா எண்டு புத்தகத்தைப் பாத்துக் கேட்டன்.

அடுத்த பக்கத்தில அவற்ற தாய் வந்தா. மருந்துத் தண்ணி குடுத்துச் சூனியம் செய்தவ எண்டு அயலட்டை அவவில வழக்கு வைச்சிட்டுது. ஊர் வாயை மூட உலைமூடி இருக்கோ? கிழவியைச் சங்கிலியில கட்டி, சித்திரவதைச் சாமானெல்லாம் காட்டியும், நான் செய்யேல்லை எண்டே நிண்டிருக்கிறா. மகன் சக்கரவர்த்தியின்ர ஆள். எனக்கென்ன எண்டு இருக்கேல்லை. தூரத்திலயிருந்து வந்து தாய்க்காக வழக்காடி மீட்டார். அகராதியோட மூண்டு தரம் வாசிச்சு, பஸ்ஸுக்குள்ள வெக்கமில்லாமல் அழுதன்.

அந்த ஆவணியில செவ்வாய் பூமிக்கு நல்லாக் கிட்ட வந்தது. பேப்பரெல்லாம் அதுதான் கதை. பொழுதுபட அம்மா பல்கனிக் கதவை இழுத்துச் சாத்துவா. நான் திறந்துகொண்டு போய் நிப்பன்.

அந்த மாசம்தான் மாப்பிளை வீட்டார் பொம்பிளை பாக்க வந்தவை. மாப்பிளையைக் கோயிலில ரெண்டு தரம் கண்டிருக்கிறன். பிடிச்சிருந்தது, ஏன் பொய் சொல்லுவான்? மாப்பிளையின்ர தாய் நாங்கள் தின்னக் குடுத்த ரோல்ஸைக் கடிச்சுக்கொண்டு, பொருத்தமெல்லாம் திறம், பிறந்த நேரம் மட்டும் ஒருக்காச் சொல்லுங்கோ எண்டா. அம்மா நாலு மணி எண்டா. சொல்லிப்போட்டு என்னைப் பாக்காமல் தட்டில இருந்த ரோல்ஸைத் திருப்பித் திருப்பி அடுக்கினா. எத்தினை வருசத்துக்கு அம்மா இந்தப் பொய்யைக் காவவேணும்?

"அன்ரி, நான் பிறந்தது ஆறு மணிக்கு. எனக்கு எட்டில செவ்வாய். அந்தக் குறிப்பு பொய்."

தாய் கோப்பையை வைச்சிட்டு எழும்பினா. ஏமாத்துக் குடும்பம் எண்டு தொடங்கி என்ரை வளர்ப்பு வரைக்கும் போனா. நான் அவரைப் பாத்தன். அவர் குனிஞ்சு கார்ப்பெட்டைப் பாத்துக்கொண்டிருந்தார். வாசலில சப்பாத்துப் போடேக்கையும் நிமிரேல்லை.

மூண்டு நாள் அம்மா எனக்குச் சாப்பாட்டை மூடிவைச்சிட்டு நேரத்தோட அறைக்குள்ள போனா. அதுக்கிடையில வகுப்பில பத்து நிமிசம் கதைச்சன். செவ்வாய்க்கு ரெண்டு நிமிசம், தாயின்ர வழக்குக்கு எட்டு நிமிசம். இலக்கணம் முழுக்கப் பிழை, ஆனால் ஒருத்தரும் கொட்டாவி விடேல்லை.

நாலாம் நாள் மாப்பிளையின்ர தாய் ரெலிபோன் எடுத்தா. தங்கட மகனுக்கும் ஏழில செவ்வாயாம். அவையும் குறிப்பை மாத்தித்தான் தந்தவையாம். இப்ப உண்மையான குறிப்புகளை வைச்சுப் பாத்தால் அப்பிடியொரு பொருத்தமாம். அம்மா ரிசீவரைப் பிடிச்சபடி அழுதா. நான் வயிறு நோகச் சிரிச்சன். பொருந்திற ஒண்டை ரெண்டு வீடும் விழுந்து விழுந்து ஒளிச்சிருக்கு. பிறகு அந்தக் குனிஞ்ச தலை ஞாபகம் வந்துது, சிரிப்பு நிண்டிட்டுது. ரிசீவரை வாங்கி அவரைக் கூப்பிடச் சொன்னன்.

"அண்டைக்கு உங்கட அம்மா என்னை ஏசேக்க, உங்களுக்கும் செவ்வாய் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம், தெரியும்" எண்டார். பெரியாக்கள் கதைக்கேக்க தான் என்னெண்டு குறுக்க வாறது எண்டும் கேட்டார்.

நான் ரிசீவரை வைச்சன். அம்மா தலையில அடிச்சுக்கொண்டா. இவ்வளவு பொருத்தம் இனி எந்தக் காலத்தில வரப்போகுது எண்டு கேட்டா.

"நானும் பொருத்தம் பாத்திட்டன் அம்மா" எண்டன். "பொருந்தேல்லை."