வெளியே திறக்கும் கதவு

என் சித்தப்பாவுக்குச் சினிமாப் பைத்தியம். அது முற்றிப்போய், இருந்த நிலத்தில் பாதியை விற்று, பூந்தமல்லியில் சொந்தமாக ஒரு கொட்டகை கட்டக் கிளம்பிவிட்டார். வெள்ளைக்காரன் காலம். பிளானில் இன்ஜினியர் முத்திரை இல்லையென்றால் லைசென்ஸ் கிடையாது. பட்டணத்திலிருந்து ஓர் இன்ஜினியரைத் தாஜா பண்ணி அழைத்து வந்தார்.

எனக்கோ அந்த முத்திரையைப் பார்த்தே ஆகவேண்டும். மேஸ்திரி பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு போட்ட பிளானுக்கு இல்லாத மவுசு, ஒரு சொட்டு மைக்கு எப்படி வரும்? சித்தியைக் கேட்டேன். அது சர்க்கார் மந்திரம் என்றாள்.

வந்தவர் முத்திரை இருந்த தகரப்பெட்டியைத் திறக்கிற வழியாக இல்லை. வெயிலில் போய் மனையைக் குத்திப் பார்த்தார், அளந்தார். திரும்பி வந்து, கதவுகள் உள்பக்கம் திறக்கக்கூடாது, வெளிப்பக்கம்தான் திறக்கவேண்டும் என்றார்.

சித்தப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "நம்ம பக்கம் எந்த ஊட்லங்க கதவு வெளிய தொறக்குது? லட்சுமி உள்ள வருவாளா?"

"கூட்டம் மிரண்டு ஓடிவந்து கதவுல மோதினா, உள்ள இழுத்துத் திறக்க எடம் ஏது?"

"என் கொட்டாய்ல படம் பாக்க வர்றவன் இன்னாத்துக்குங்க ஓடப்போறான்?"

இன்ஜினியர் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். விற்ற நிலம் சித்தப்பாவின் கண்முன்னால் வந்திருக்கவேண்டும். மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பிளானில் கதவுகளைத் திருப்பிப் போடச் சொன்னார். சித்தி அன்றைக்குப் பூராவும் அவரிடம் பேசவில்லை.

முத்திரை விழுந்தது. அவ்வளவுதானா என்றிருந்தது. ஆசை விடாமல், என் உள்ளங்கையிலும் ஒன்று போடச் சொல்லி நீட்டினேன். அந்த மனுஷர் சிரிக்கக்கூட இல்லை.

"முத்திரை போட்டா அதுக்கு நான் ஜவாப் சொல்லணும் பாப்பா. நாளைக்கு நீ மரமேறி விழுந்தா என்னன்னு சொல்லுவேன்?"

இப்படியும் ஒரு கஞ்சன் உண்டா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பொங்கலுக்கு முதல் படம். திருவேற்காட்டிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பாதிப் படத்தில் மெஷின் அறையில் படச்சுருள் பற்றிக்கொண்டது. நெருப்பு என்று யாரோ கத்த, தரை டிக்கெட்டும் பெஞ்சு டிக்கெட்டும் ஒன்றாக எழுந்து ஓடின. சித்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். முன்னால் ஓடியவர்கள் கதவில் போய் விழுந்தார்கள். அது விழுந்த வேகத்திலேயே வெளியே திறந்துகொண்டது.

எல்லோரும் எதிர்ப்பொட்டலில் இருமிக்கொண்டு நின்றோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பா எரிகிற கொட்டகையைத் திரும்பியும் பார்க்கவில்லை. குழந்தைகளின் தலையை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடந்தார். தேம்பித் தேம்பி அழுதார்.

படம் பாதியில் நின்றுபோனதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். கதாநாயகி கடைசியில் என்ன ஆனாள் என்று எனக்கும் தெரியவேண்டியிருந்தது.